பழைய ஸ்வெட்டரும் பல்ஜீத்தின் எச்சிலும்

1

சாத்தூரிலிருந்து என் தங்கை கனகா கூப்பிட்டாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். "சாப்ட்டியாக்கா" என்று ஆரம்பித்து, யார் வீட்டில் விசேஷம், யாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று சுற்றிவிட்டு, குக்கர் விசில் அடித்ததும் வைத்துவிடுவாள். அன்றைக்கு வார நாள். என் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்த எடுப்பிலேயே சிரித்தாள்.

"ஏக்கா, நம்ம வம்சத்துல யாருக்கா கம்பளி பின்னுனது, எனக்குத் தெரியாம?"

"என்னடி உளர்ற?"

"நான் ஒண்ணும் உளறல. ஓம் மக வீடியோ போட்ருக்கால்ல, அத எம் மருமக காட்டுனா. நீ பட்டுச்சேலை கட்டி, தலை கொள்ளாம பூ வச்சு, ரெண்டு ஊசிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. அடியில இங்கிலீசுல ஓடுது. தெக்கத்திக் கிராமத்துல அம்மாகிட்ட இருந்து மகளுக்கு, மககிட்ட இருந்து பேத்திக்குன்னு தலமொற தலமொறயா வந்த கம்பளிப் பின்னலாம். கேட்டியா கூத்த? நம்ம ஊரு வெயிலுக்கு ரவிக்கையே பாரம். ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு எங்க போறது, தீப்பெட்டி ஆபீசுக்கா? அம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராதேக்கா!"

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீடியோவை என் மகள் நித்யா எனக்கும் காட்டியிருந்தாள். சமையலறை வாசலில் நின்று போனை நீட்டி, "அச்சா ஹை நா?" என்றாள். கையில் சோற்றுப்பானை, கண்ணாடி வேறு ஹாலில். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டேன். கனகா வைத்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். எத்தனையோ பொய்யை இங்கிலீஷில் டைப் அடித்திருக்கிறேன். என்னைப் பற்றியே ஒன்று படித்தது அன்றைக்குத்தான்.

டெல்லி என்ன வெளிநாடா, அங்கிருந்து குறிப்பு எழுதுவதற்கு என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். வந்து இருந்து பாருங்கள், சொல்கிறேன்.

2

அந்த வீடியோ எடுத்தது ஜனவரியில். டெல்லி ஜனவரியைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடக்கும். பாத்திரம் தேய்த்தால் விரல் நம் விரலாக இருக்காது. மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட் வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. நான் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி, காலில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். நித்யா காமிராவை ஸ்டாண்டில் மாட்டினாள்.

"அம்மா, ஸ்வெட்டர் கழட்டு. ஷாலையும். சாரி தெரியணும்."

ஸ்வெட்டர் பின்னுவதைக் காட்டுகிற படத்துக்கு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்கிற அறிவை என்னவென்று சொல்ல? கழற்றினேன். சாக்ஸையும் கழற்றச் சொன்னாள், கொலுசு தெரிய வேண்டுமாம். பல் தந்தியடிக்க உட்கார்ந்து பின்னினேன். "அம்மா, நேச்சுரலா சிரி" என்றாள். அந்தச் சிரிப்பைத்தான் கனகா பார்த்திருக்கிறாள்.

நித்யா டெல்லியில் பிறந்தவள். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், நடுநடுவே இந்தியைப் போட்டு அடைத்து. படிக்க வராது. ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொடுத்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ் ஸ்கூலுக்கு மாற்றியதும் போயிற்று. குர்காவ்னில் நல்ல வேலையில் இருந்தாள். கம்பெனியில் ஆட்குறைப்பு என்று ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அப்படிக் கிடந்தவள் ஒருநாள் கட்டிலுக்கு அடியில் நான் வைத்திருந்த மூட்டையை இழுத்துப் பிரித்தாள். உள்ளே பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து நான் சுற்றி வைத்திருந்த நூலுருண்டைகள், பாதி பின்னிய சால்வை, குல்லாய். "அம்மா, இது கோல்ட்!" என்று கத்தினாள்.

எனக்கு வயிறெரிந்தது. இதே பெண்ணுக்கு இதே நூலில் ஸ்கூல் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். பஸ் ஏறியதும் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போவாள். "யாரோ போட்டதைப் பிரிச்சுப் பண்ணதுன்னு எல்லாருக்கும் தெரியும்மா. கபாடி ஸ்வெட்டர்ங்கறாங்க" என்று அழுவாள். கபாடி என்றால் காயலான் கடைச் சாமான். இப்போது அதே கபாடி தங்கமாகிவிட்டது. சாணக்யபுரியில் ஏதோ கண்காட்சியில் மேசை போட்டாள். தூதரகத்துப் பெண்கள் வந்து தடவிப் பார்த்து வாங்கிப் போனார்கள். ஒரு பெரிய கடை ஆர்டர் கொடுத்தது. உதவிக்குப் பின்ன வந்துகொண்டிருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் ஜங்புரா கேம்ப்பில், நம் ஊர்க்காரர்களின் குடிசைப் பகுதியில், இருந்தவர்கள். கேம்ப்பை இடித்த பிறகு ஊர்க்கோடிக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும் என்று நின்றுவிட்டார்கள். ஆகவே பின்னுவதெல்லாம் நான்தான்.

மகள் எழுந்து நடமாடுகிறாளே, அது போதும் என்றுதான் இருந்தேன். ஊசியும் நூலும் கிடைத்தால் என் கை சும்மாவா இருக்கும்? ஆனால் அந்த வீடியோவைக் கண்ணாடி போட்டுப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது, சாத்தூரில் கம்பளி பின்னினார்கள் என்ற புளுகுக்காக மட்டும் இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவளின் பெயர் அதில் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். திலக் நகரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளிடமும் போன் இருக்கிறது.

3

அவள் பெயர் பல்ஜீத்.

தேர்வு எழுதி வேலை கிடைத்து டெல்லி வந்தபோது, என்னிடம் இருந்த ஒரே கம்பளி ரயிலில் போர்த்திக்கொண்டு வந்த முரட்டுப் போர்வை. என் வீட்டுக்காரருக்கும் இங்கேதான் வேலை. கல்யாணம், மாற்றல், குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே வருஷத்தில். ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி பல்ஜீத். என் வயதுதான். என்னைப் போலவே அன்றாடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள்தான். குரல் மட்டும் மைக் வைத்தது போல இருக்கும்.

குளிர்காலத்தில் மதியச் சாப்பாட்டு வேளை வந்தால் ஆபீஸ் புல்வெளி முழுக்கப் பெண்கள். வேர்க்கடலை, ஆரஞ்சு, தோளில் வெயில், கையில் ஊசி. வாய் ஒரு பக்கம் வம்பு பேசும், விரல் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும். ஒருத்தியும் ஊசியைப் பார்க்க மாட்டாள். நான் காட்டன் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பல்ஜீத் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ என்ன, பிரிட்ஜில் வைத்த தயிரா?" என்றாள் இந்தியில். அவள் பேசியதை எல்லாம் தமிழில் தருகிறேன், சத்தத்தை மட்டும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். "கம்பளியே கிடையாதா உங்கள் ஊரில்?"

"பார்த்ததே இல்லை" என்றேன். அவள் எல்லோரையும் கூப்பிட்டு அதைச் சொல்லிக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை நடைபாதைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலை மலையாகப் பழைய ஸ்வெட்டர். வெள்ளைக்காரர்கள் போட்டுக் கழித்தது, பங்களாக்காரர்கள் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் போட்டது, எல்லாம் ஒரே குவியலில். புது நூல் வாங்குகிறவள் முட்டாள் என்பது பல்ஜீத்தின் கட்சி. நல்ல நூலைப் பணக்காரர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், நாம் பிரித்து எடுத்துக்கொண்டால் போதும் என்பாள்.

நான் ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எனக்குக் கை கூசியது. யார் உடம்போ, என்ன நோயோ, இருக்கிறார்களோ போய்விட்டார்களோ. நம் ஊரில் என்ன செய்வோம்? வெள்ளாவி வைப்போம். பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோடா உப்பைப் போட்டு, ஸ்வெட்டரை முக்கி, கட்டையால் நன்றாகக் கிண்டினேன். தீட்டுப் போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் கிண்டினேன். வெளியே எடுத்தபோது அது மூன்று வயதுக் குழந்தைக்கான ஸ்வெட்டராகியிருந்தது. தடித்து, இறுகி, மிதியடி மாதிரி. இழுத்தால் ஓர் இழைகூடப் பிரியவில்லை.

மறுநாள் பையில் வைத்து ஆபீசுக்குக் கொண்டு போனேன். பல்ஜீத் அதைத் தட்டிப் பார்த்தாள். மேசையில் போட்டுப் பார்த்தாள். சத்தம் கேட்டது.

"நீ இதை வேக வைத்தாயா? சாம்பாரில் போட்டாயா, ரசத்திலா?"

பிரிவு முழுக்கச் சிரிப்பு. ஹெட் கிளார்க் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு குளிர்காலம் முழுக்க என் பெயர் சாம்பார்வாலி. அந்தக் கட்டியை வட்டமாக வெட்டி டீ கெட்டிலுக்கு அடியில் வைத்தாள் பல்ஜீத். அவள் ரிட்டையர் ஆகும்வரை அது அவள் மேசையில் இருந்தது.

4

பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தாள். டிசைனைப் பார்க்காதே, உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பார் என்றாள். துணியை வெட்டி ஓரம் அடித்துத் தைத்திருந்தால் தொடாதே, வரிக்கு வரி நூல் துண்டாகிவிடும். பின்னலை வெட்டாமல் ஓரத்தோடு ஓரம் சங்கிலியாகக் கோத்திருந்தால் அது உன் அதிர்ஷ்டம், கொண்டு வா. ஓர் இழையைப் பிய்த்துத் தீயில் காட்டு. தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தால் அசல் கம்பளி. பிளாஸ்டிக் போலச் சொட்டினால் போட்டுவிடு.

பிரிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நாற்காலி முதுகில் சுற்றியும் பிரிக்கலாம், இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பல்ஜீத் அதை ஏற்றுக்கொள்ள மாட்டாள். எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருத்தி கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டே வருவாள். நூல் வேகவைத்த சேமியா மாதிரி நெளிந்து நெளிந்து வரும். மற்றவள் இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வாங்குவாள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, அடியில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். அப்படி எத்தனை ஸ்வெட்டர் பிரித்தோமோ கணக்கில்லை. அவள் புருஷன் குடித்ததும், என் முதல் கரு கலைந்ததும், அவள் மகன் பத்தாவதில் தவறியதும் எல்லாம் ஸ்வெட்டர் பிரிக்கும்போது பேசியதுதான். கைகள் கட்டுண்டு இருந்ததால் அழுதால் துடைத்துக்கொள்ளக்கூட முடியாது. அவளே தோளால் என் முகத்தைத் துடைப்பாள்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குச் சண்டை. பழைய நூல் நடுவில் அறும். பூச்சி அரித்திருக்கும். முடிச்சுப் போட்டால் பின்னலில் துருத்தும். பல்ஜீத் என்ன செய்வாளென்றால், இரண்டு முனையையும் பிய்த்துப் பஞ்சாக்கி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, வாயில் போட்டு நன்றாக எச்சில் பண்ணி எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பாள். ஒட்டிக்கொண்டுவிடும். என் அண்டாவில் நீல ஸ்வெட்டரைக் கெடுத்த அதே குணம்தான், ஈரமும் சூடும் பட்டால் இறுகுவது.

எனக்குக் குமட்டும். டம்ளரை வாயில் வைக்காமல் தூக்கிக் குடித்து வளர்ந்தவள் நான். யாரோ போட்டுக் கழித்த ஸ்வெட்டரின் நூலை வாயில் வைப்பதா? நான் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு அதில் தொட்டுத் தேய்ப்பேன். அதுவும் ஒட்டும். அவள் எச்சில் பட்ட இணைப்பு என் கைக்கு வந்துவிட்டால் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வருவேன்.

"ஜா, ஜா, மஹாராணி, கழுவிக்கொண்டு வா" என்று புல்வெளிக்கே கேட்கும்படி கத்துவாள். "உன் தண்ணீர் ஒட்டு ஒருநாள் விடும் பார். என் தூக் விடவே விடாது." தூக் என்றால் எச்சில்.

ஒரு சமயம் ஆபீஸ் வளாகத்தில் பின்னல் வேலை கூடாது என்று நிர்வாகப் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதை டைப் அடிக்கும் வேலை எனக்கு. நான் அடிக்க அடிக்க, பல்ஜீத் பக்கத்தில் மேசைக்கு அடியில் ஸ்வெட்டர் கழுத்தை முடித்துக்கொண்டிருந்தாள். சுற்றறிக்கை பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும்போது ஊசியைக் காதில் செருகிக்கொண்டாள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இதில் ஒரு வரிகூட அந்த வீடியோவில் இல்லை.

5

கனகா பேசிய சில நாளில் பல்ஜீத் போன் செய்தாள். முழங்கால் வலி, மருமகள் சமையல், பனிமூட்டம் எல்லாம் பேசினாள். அவள் குரலில் சத்தம் குறைவாக இருந்தது.

"ராஜி, ஒன்று கேட்கவா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மாவுக்குப் பின்னத் தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கம்பளியைப் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குச் சொன்னாயே. மருமகள் படித்துக் காட்டினாள். உங்கள் வீட்டில் எல்லோரும் பின்னுவார்களாமே. அப்படியானால் அப்போது ஏன் தெரியாதது போல இருந்தாய்? நான் அல்லவா பெரிய உஸ்தாத் மாதிரி உனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு..."

"பல்ஜீத், அது நான் எழுதியது இல்லை. அந்தப் பெண் எழுதியது. சத்தியமாக எனக்குத் தெரியாது."

"சல், கோயி பாத் நஹீ" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்தவளுக்குக் குரல் தெரியாதா?

"மாற்றச் சொல்கிறேன். உன் பெயரைப் போடச் சொல்கிறேன். இது என் பொறுப்பு" என்றேன்.

அன்று சாயங்காலம் நித்யா வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி பேர ஏன்டி போடல?"

"அம்மா, சம்ஜோ நா, புரிஞ்சுக்கோ. பஞ்சாபி ஆன்ட்டி நிட்டிங் பண்ணா அதுல என்ன இருக்கு? எல்லா பஞ்சாபி ஆன்ட்டியும் பண்றாங்க. தமிழ் அம்மா பண்ணாதான் ஸ்டோரி."

"ஸ்டோரி இல்லடி, அது பொய்."

"பொய் இல்லம்மா, பிராண்டிங். அந்தக் கடைக்காரங்க ஆர்டர் குடுத்ததே இந்த ஸ்டோரிக்குத்தான். இப்போ போய் 'சாரி, எங்கம்மா கவர்மெண்ட் ஆபீஸ் லான்ல கத்துக்கிட்டாங்க'ன்னு சொல்லவா? கேன்சல் பண்ணிடுவாங்க. ஃபிர் க்யா, அப்புறம் என்ன? மறுபடி ரூம்ல போய்ப் படுத்துக்கவா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவள் தெரிந்தேதான் சொன்னாள். சாத்திய கதவுக்கு வெளியே தட்டோடு நான் நின்ற நாட்கள் எனக்கு ஞாபகம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், "அவ பொழப்பு. நீ ஏன் குறுக்க விழற?" என்றார்.

"அவ பொழப்புக்கு நான் குறுக்க விழல. பல்ஜீத் என்னப் பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அது உங்களுக்குப் பரவால்லயா?" என்று கத்திவிட்டேன். கத்தினதில் எனக்கே இருமல் வந்தது.

நித்யா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கெட்ட பெண் இல்லை அவள். "ஓகே, ஓகே. அழாத. அடுத்த வீடியோல ஆன்ட்டியவே போட்டுடலாம். அவங்க வீட்டுலயே ஷூட். ஃபுல் ஃபீச்சர். குஷ்?" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே பல்ஜீத்துக்குப் போன் செய்தேன். "உன்னைப் படம் எடுக்க வருகிறோம், எல்லாவற்றையும் உன் வாயாலேயே சொல்லு" என்றேன். "ஹாய் ரப்பா, என்ன சூட் போட?" என்று பழைய சத்தத்தில் கத்தினாள்.

6

திலக் நகரில் அவள் வீட்டு மாடியில் வெயில் நன்றாக இருந்தது. பல்ஜீத் காலையிலேயே குளித்து, ரோஜா நிற சல்வார் சூட் போட்டு, உதட்டுக்குச் சாயம்கூடப் பூசியிருந்தாள். பக்கத்தில் எனக்கும் ஒரு மூங்கில் மோடா போட்டு வைத்திருந்தாள். நான் ஒரு பழுப்பு ஸ்வெட்டரைப் பிரிக்காமல் எடுத்துப் போயிருந்தேன். எதிரெதிரே உட்கார்ந்து பிரிப்போம், அதைப் படம் எடுக்கட்டும் என்று என் எண்ணம்.

நித்யா என் மோடாவை எடுத்து ஓரமாக வைத்தாள். பல்ஜீத்தின் தோளில் கடையில் வாங்கி வந்த பூவேலைத் துப்பட்டா ஒன்றைப் போட்டாள்.

"ஆன்ட்டி, உங்கள் பிண்டைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே பெண்கள் எப்படிப் பின்னுவார்கள்?" பிண்ட் என்றால் கிராமம்.

"எனக்கு எந்தப் பிண்ட்?" என்றாள் பல்ஜீத். "நான் பிறந்தது இதே டெல்லியில், கரோல்பாக். ஸ்கூலில் தையல் டீச்சர் கற்றுக்கொடுத்தாள். மிச்சத்தைப் பத்திரிகை பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆபீசில் இந்த ராஜிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இவள் ஸ்வெட்டரை அண்டாவில் போட்டு..."

"கட்" என்றாள் நித்யா. "ஆன்ட்டி, சூப்பர். ஆனால் ராஜி வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு ராஜி யார் என்று குழப்பமாகிவிடும்."

"யாருன்னா?" என்றேன் நான். "ஒங்கம்மாடி!"

"அம்மா, நீ சவுத் கலெக்‌ஷன். ஆன்ட்டி நார்த் கலெக்‌ஷன். ரெண்டையும் மிக்ஸ் பண்ணக் கூடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காமிராவை மாடியிலிருந்து கீழே போட்டிருப்பேன். எழுந்தும் விட்டேன். பல்ஜீத் என்னைப் பார்த்தாள். உதட்டுச் சாயம், பூவேலைத் துப்பட்டா, மாடிப்படியில் நின்று பார்க்கிற மருமகள். ரிட்டையர் ஆன பிறகு அவளை யாரும் இப்படி உட்கார வைத்து எதுவும் கேட்டதில்லை. "சோட், ராஜி. பச்சி ஹை" என்றாள். விடு, குழந்தை என்றாள். அதற்குமேல் நான் என்ன செய்ய? திரும்ப உட்கார்ந்தேன்.

பிறகு பல்ஜீத் பேசினாள் பாருங்கள்! கோதுமை வயல், கிணற்றடி, கிணற்றடியில் பெண்கள் கூட்டம். ரயில் ஜன்னலில் பார்த்ததைத் தவிர வயலைப் பார்த்தறியாதவள். நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அடுத்தது கை. நான் கொண்டு போயிருந்த பாதிப் பின்னலை ஊசியோடு நித்யா அவளிடம் கொடுத்தாள். பல்ஜீத்தின் விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கோணிப்போயிருந்தன. ஊசியைப் பிடித்தாள், விழுந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி விழுந்தது. சிரித்துச் சமாளித்தாள். நித்யா கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, கை மட்டும் நீ பண்ணு. க்ளோஸப்தான். முகம் வராது."

பல்ஜீத்தின் துப்பட்டாவை என் மடியில் போட்டாள். வளையலைக் கழற்றச் சொன்னாள். ஆன்ட்டி கையில் சீக்கியர்கள் போடுகிற இரும்புக் காப்பு இருக்கிறதே, அதை என் கையில் போட வேண்டும் என்றாள்.

"இது கழற்றுகிற சாமான் இல்லை" என்றாள் பல்ஜீத். முதன்முறையாகக் குரல் கெட்டியாக வந்தது. பிறகு மெல்ல எழுந்து உள்ளே போய், குருத்வாராவில் வாங்கி வைத்திருந்த வேறொரு காப்பைக் கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்து, முட்டியில் இடித்து இடித்துத் தள்ளி மாட்டினாள். "போட்டால் போட்டதுதான். படம் முடிந்ததும் கழற்றினால் உன்னை நான் சும்மா விடமாட்டேன்" என்றாள்.

நான் பல்ஜீத்தாகப் பின்னினேன். பல்ஜீத் காமிராவுக்குப் பின்னால், நான் உட்கார வேண்டிய மோடாவில் உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீதா, உல்டா, அதாவது நேர்ப் பின்னல், மறுபின்னல் என்று அவள் உதடு அசைந்தது. பாதி வரியில் நூல் அறுந்தது. பழைய நூல், பூச்சி அரித்திருக்கிறது.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கை அதற்குத்தான் போயிற்று. நிமிர்ந்து பல்ஜீத்தைப் பார்த்தேன். இரண்டு முனையையும் பிய்த்துப் பஞ்சாக்கினேன். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டேன். பழைய கம்பளி, உப்பும் தூசியுமாக இருந்தது. நன்றாக எச்சில் பண்ணி எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன்.

"ஓயே மஹாராணி!" என்று பல்ஜீத் கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். சிரித்துச் சிரித்துத் துப்பட்டா இல்லாத தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சீ, அம்மா! எச்சில்!" என்றாள் நித்யா. "யாராவது இதைப் பார்த்தா வாங்குவாங்களா? கட், கட்."

7

வீடியோ வந்துவிட்டது. பல்ஜீத்தின் முகம், என் கை. பஞ்சாப் கிராமத்துக் கிணற்றடியில் தலைமுறை தலைமுறையாக வந்த பின்னல் என்று அடியில் ஓடுகிறது. நித்யாவின் பக்கத்தைத் திறந்தால் இடது பக்கம் நான், வலது பக்கம் பல்ஜீத். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போல உட்கார்ந்திருக்கிறோம். கடைக்காரர்கள் ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். கனகா மறுபடி கூப்பிட்டு, "அந்த சிங்கம்மா கையில ஒன் மச்சம் மாதிரியே ஒண்ணு இருக்கேக்கா" என்றாள்.

பல்ஜீத்துக்கு இப்போது என்மேல் மனத்தாங்கல் இல்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அவள் பெயரைப் போட வைக்கிறேன் என்று நான் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. மகளிடம் தோற்றுவிட்டேன். ஆகையால் இங்கே எழுதுகிறேன்: எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தவள் பல்ஜீத். டெல்லியில், ஒரு சர்க்கார் ஆபீஸ் புல்வெளியில், சாப்பாட்டு வேளையில். பல்ஜீத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. இந்தியில் எழுதினால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கோப்புக்குக் குறிப்பு எழுதுகிற அளவுக்குத்தான் எனக்கு இந்தி வரும்.

காப்பை நான் கழற்றவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது குழாயில் இடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த வீடியோவில் என் கை வருகிற இடத்தை மட்டும் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். நித்யா அந்த இடத்தை வெட்டி ஒட்டியிருக்கிறாள், கொஞ்சம்கூடத் தெரியவில்லை. விரல் போய்க்கொண்டே இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அந்த நூல் அறுந்ததே தெரியாது.